பேசக்கூடாதவளைப் பேச அனுப்பினோம்

எங்கள் கோக்சாய் பள்ளத்தாக்கில் ஓடித்திரியும் பிள்ளைகளில் எதை வேண்டுமானாலும் பிடித்து நிறுத்துங்கள். அது எங்கள் பிரசவ டாக்டர் உல்கானின் அதட்டலைக் கேட்டுக்கொண்டுதான் பூமிக்கு வந்திருக்கும். ஒரே ஒரு பெண்குழந்தை மட்டும் விதிவிலக்கு. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

நான் ஒமுர்பெக், பல் டாக்டர். எங்கள் ஆஸ்பத்திரியில் என் அறையும் பிரசவ வார்டும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டவை. இந்தப் பக்கம் நான் ஒரு கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் உல்கான், "குதிரை மேல ஏறி மலையெல்லாம் சுத்தத் தெரியுதுல்ல? இப்ப மட்டும் என்ன பூனைக்குட்டி மாதிரி முனகுற? தள்ளுடி!" என்று கத்துவாள். என் நாற்காலியில் இருக்கும் ஆள் பயந்துபோய் வாயை இன்னும் பெரிதாகத் திறப்பார். எனக்கு வேலை சுலபமாகிவிடும்.

ஆள் குள்ளம். கைகள் மட்டும் மல்யுத்தக்காரன் கைகள். குடித்துவிட்டு வார்டு வாசலுக்கு வரும் அப்பன்மார்களுக்கு அவள் கொடுக்கும் தண்டனை, அடுப்புக்கு விறகு பிளப்பது. விறகுக் குவியல் குறைந்தால், "என்ன பைகே, நம்ம ஊரு ஆம்பளைங்க எல்லாம் திருந்திட்டாங்களா? குளிர்காலத்துக்கு நான் என்ன பண்றது?" என்று என்னிடம் அலுத்துக்கொள்வாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். அண்ணன் என்கிற அர்த்தத்தில் 'பைகே' என்று கூப்பிடுவாளே தவிர, அந்த மரியாதை பேச்சில் இருக்காது. யாரிடமும் இருக்காது. ஒரே ஒரு மனிதரைத் தவிர. அந்த மனிதரிடம் போய்த்தான் நாங்கள் அவளைப் பேச அனுப்பினோம். இவ்வளவு படித்த டாக்டர்கள் கூடி எடுத்த முடிவு அது.

விஷயம் இதுதான். தலைநகர் பிஷ்கெக்கில் சுகாதாரச் சீர்திருத்தம் என்று ஒரு மசோதா தயாரானது. அதில் பல நல்ல சங்கதிகள் இருந்தன, பொய் சொல்லக்கூடாது. ஆனால் நடுவில் ஒரு பத்தி. வருடத்துக்குக் குறைவான பிரசவங்கள் நடக்கும் சின்ன வார்டுகளை மூடிவிட்டு, கர்ப்பிணிகளைப் பெரிய ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பெரிய ஊரில் கருவிகள் உண்டு, ரத்த வங்கி உண்டு. ஆனால் எங்களுக்கும் பெரிய ஊருக்கும் நடுவில் கிசில்பெல் கணவாய் இருக்கிறது. பனிக்காலத்தில் அது திறக்கும்போது திறக்கும். மூடினால், வானத்தில் பறக்கும் கழுகுக்கு மட்டும்தான் வழி.

மசோதாவைப் படித்துக் காட்டியவர் எங்கள் தலைமை மருத்துவர் ஜோல்தோஷ். நல்ல அறுவை மருத்துவர், ஆனால் பேச ஆரம்பித்தால் தையல் போட்டு மூட ஆள் வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் தன் அறையில் கூட்டி வைத்திருந்தார்.

"இது மருந்தால தீர்ற வியாதி இல்ல. சட்டத்தால வந்தது, சட்டம் போடறவங்கதான் தீர்க்கணும். நம்ம எம்பியைப் பிடிக்கணும்," என்றார்.

எங்கள் தொகுதி எம்பி சபார்பெக் தோலோயேவ். அந்த மசோதாவை அலசும் குழுவுக்கே அவர்தான் தலைவர். அது மட்டுமா? உல்கானின் கணவன் தாலாய்க்குக் கூடப்பிறந்த அண்ணன். அறையில் இருந்த அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் உல்கான் பக்கம் திரும்பின.

"அட, வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடறோமே!" என்று ஜோல்தோஷ் மேசையைத் தட்டினார். "உல்கான், உன் மூத்தாரு. நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"நானா?" என்றாள் உல்கான். அவள் முகம் போன போக்கைப் பார்த்தும் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. சொந்தக்காரர் என்றாலே வேலை முடிந்தது என்று நினைக்கிற ஜனங்கள் நாங்கள். எந்தச் சொந்தம் என்று யோசிக்கிற பழக்கம் கிடையாது.

எங்கள் பக்கம் மருமகள் என்றால், புருஷனின் மூத்த ஆண்களுடைய பெயரை வாயால் சொல்லக்கூடாது. அவர்களுக்கு முதுகு காட்டி உட்காரக்கூடாது, எதிரே நின்று வாதாடக்கூடாது. பெயருக்குப் பதிலாக அவளே ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். சபார்பெக் நல்ல உயரம். கல்யாணமாகி வந்த அன்றிலிருந்து உல்கானுக்கு அவர் 'நெடியவர்'. தேர்தல் நேரத்தில் வார்டுப் பெண்களிடம்கூட, "நம்ம நெடியவருக்குப் போடுங்கடி," என்றுதான் ஓட்டுக் கேட்டாள். பள்ளத்தாக்கிலேயே அந்த மனிதரை எதிர்த்துப் பேச முடியாத டாக்டர் ஒருத்தி உண்டென்றால் அது இவள்தான். ஆடு மேய்க்கிறவன்கூட அவரை வழிமறித்து நாலு கேள்வி கேட்கலாம்.

இதற்கு நடுவில் இன்னொன்றும் இருந்தது. உல்கானின் ஒரே மகள் ஜிபெக், படிப்புக்காக பிஷ்கெக்கில் ஒரு சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். பதினாறு வயசு. இந்த இலையுதிர்காலத்தில் அம்மாவும் அப்பாவும் அங்கேயே குடிவந்துவிடுவார்கள் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. தனியார் ஆஸ்பத்திரியில் உல்கானுக்கு வேலை, இரண்டு அறை வீடு, எல்லாம் தயார். ஏற்பாடு செய்தவர் சாட்சாத் நெடியவர்தான். தம்பி குடும்பத்தின் மேல் அவருக்கு அவ்வளவு பாசம்.

"நீதான் போகப்போறியே, இந்த வார்டு மூடினா உனக்கென்ன?" என்று ஒருநாள் நான் சீண்டினேன்.

"நான் போனா வேற ஆளு வரும் பைகே. கதவே இல்லைன்னா யாரு வருவா?" என்றாள். அப்போது அவள் அதை முழுசாக நம்பினாள்.

சபார்பெக் தொகுதிக்கு வந்தபோது தம்பி வீட்டில் விருந்து. டாக்டர்கள் எல்லோரும் புதுத் தொப்பி மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தோம். ஆடு அடித்து, தலையை முறைப்படி எம்பி முன்னால் வைத்தார்கள். உல்கான் வெள்ளை முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு, டீ கொதிக்கும் குழாய் வைத்த சமோவாருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். வார்டைக் கிடுகிடுக்க வைக்கிறவள், அன்றைக்கு மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை. எனக்கு அப்போதுதான் நாங்கள் செய்த தப்பு உறைத்தது.

ஜோல்தோஷ் ஆரம்பித்தார். கூரையில் ஆரம்பித்து, எக்ஸ்ரே மெஷினுக்குப் போய், ஆம்புலன்ஸ் டயரில் வந்து நின்றார். ஒவ்வொன்றுக்கும் சபார்பெக் எலும்பிலிருந்து கறியை வழித்துக்கொண்டே, "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்," என்றார். பிரசவ வார்டு மட்டும் பாக்கி. அது உல்கான் பங்கு.

"மீதியை உல்கான் சொல்லுவா," என்றார் ஜோல்தோஷ் வெள்ளந்தியாக.

தாலாயின் காது சிவந்துவிட்டது. சபார்பெக் மட்டும் பெரிதாகச் சிரித்தார். "சொல்லட்டும், சொல்லட்டும். தம்பிகிட்ட சொல்லட்டும். அவன் எனக்குச் சொல்லுவான்."

அப்புறம் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வருகிறது. கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு, உல்கான் புருஷன் காதில் கிசுகிசுத்தாள். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"கணவாய் மூடின அன்னிக்கு வலி எடுத்தா அந்தப் பொண்ணு எங்க போவாள்னு கேளுங்க. மசோதா எழுதினவங்க யாராவது பனியில அந்த ரோட்டுல வந்திருக்காங்களான்னு கேளுங்க. பொணத்தை இறக்கிட்டு வர்றதுக்கு மட்டும் ரோடு போட்டுக் குடுக்கிறாங்களான்னு கேளுங்க."

தாலாய் எச்சில் விழுங்கினான். தங்கமான மனுஷன், ஆனால் அண்ணன் முன்னால் வெண்ணெய். "அண்ணே, வார்டு விஷயம் கொஞ்சம்... முடிஞ்சா பாருங்கன்னு சொல்றா."

"அவ்வளவு நேரம் சொன்னது இவ்வளவுதானா?" என்று சபார்பெக் கண் சிமிட்டினார். "மருமகளே, நகரத்துல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, கார்ல போனா மத்தியானத்துக்குள்ள போயிடலாம். இதுக்குப் போய் கவலைப்படறியே. நீயே பிஷ்கெக் வரப்போற. டீ ஊத்து."

உல்கான் அவர் கிண்ணத்தை வாங்கினாள். எங்கள் வீடுகளில் விருந்தாளிக்குக் கிண்ணத்தில் பாதிக்கு மேல் டீ ஊற்றமாட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால்தான், 'இருங்கள், இன்னும் பேசலாம்' என்று அர்த்தம். உல்கான் குழாயைத் திறந்தாள், மூடவில்லை. டீ விளிம்பு வரை வந்து, விளிம்பைத் தொட்டு நடுங்கியது. ஒரு சொட்டு சிந்தாமல் அதை இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து, மூத்தார் முன்னால் வைத்தாள். குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அதைவிடப் பச்சையாகச் சொல்ல எங்களிடம் வழி இல்லை.

யாரும் மெல்லவில்லை. ஜோல்தோஷ் வாயில் இருந்த கறி அப்படியே இருந்தது. சபார்பெக் கிண்ணத்தையே பார்த்தார். பிறகு எடுத்து, நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார். மீசையைத் துடைத்தார். உள்ளங்கைகளை விரித்து எல்லோருக்குமாக ஆசி சொல்லி, முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பிறகு அந்த வீட்டில் அடித்த புயலைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. தாலாய் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைகாட்டவில்லை. உல்கான் மட்டும் விறகு பிளக்கும் கோடரியைத் தானே எடுத்துக்கொண்டாள். அந்த வாரம் கட்டைகள் பொடிப்பொடியாகக் கிடந்தன.

மசோதா குழுவுக்கு வரும் வாரத்தில் சபார்பெக் தம்பிக்கு ஃபோன் செய்தார். "உன் பொண்டாட்டியை குழுவுக்கு வரச்சொல்லு. மலைப்பக்கத்து டாக்டருங்க யாரு வேணாலும் வரலாம். அங்க டீ கிடையாது. வாயால சொல்லட்டும்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

ஆம்புலன்ஸில் கிளம்பினோம். ஜோல்தோஷ், உல்கான், நான். வழியெல்லாம் ஜோல்தோஷ் அவளுக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்தார், வளைவுகளில் மட்டும் ஜன்னலைத் திறந்து வாந்தி எடுத்தார். பெயர் விவகாரத்துக்கு நான் வழி கண்டுபிடித்தேன்.

"பேரே வேண்டாம். 'மதிப்புக்குரிய தலைவர் அவர்களே'ன்னு ஆரம்பி. அவரும் தலைவருதான், பொய்யும் இல்ல, குத்தமும் இல்ல."

"பைகே, பல்லு புடுங்கற மூளையில இவ்வளவு இருக்கா?" என்றாள். விருந்துக்குப் பிறகு அவள் அடித்த முதல் கிண்டல் அது. எனக்கு உயிர் வந்தது.

நாடாளுமன்றத்துக்குள் வெள்ளைக் கோட்டோடு நுழைய வேண்டும் என்பது ஜோல்தோஷின் திட்டம். டாக்டர்கள் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டுமாம். ஆனால் வாசலில் மேலாடைகளை வாங்கி வைக்கும் அம்மா, பாறை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"கோட்டைக் கழட்டுங்க."

"இது எங்க சீருடைம்மா," என்றார் ஜோல்தோஷ்.

"கோட்டுன்னா கோட்டுதான். வெளியிலேர்ந்து போட்டுட்டு வந்தா இங்கதான் தொங்கும்."

"நாங்க டாக்டருங்க!"

"எனக்கு முட்டி வலி. அதுக்காக உங்களை உள்ள விட முடியுமா?"

எங்கள் வெள்ளைக் கோட்டுகள் பெரிய மனிதர்களின் தோல் அங்கிகளுக்கு நடுவில் தொங்கின. கோட்டுக்கு அடையாளமாக ஆளுக்கொரு பித்தளை வில்லையை வாங்கிக்கொண்டு, சட்டை கசங்கிய மூன்று நாட்டுப்புறத்தாராக உள்ளே போனோம். போகும் முன் உல்கான் அந்த அம்மாவுக்கு முட்டிக்கு என்ன தடவ வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளை இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

குழு அறையில் நீள மேசை. நடுநாயகமாகச் சபார்பெக். சுகாதாரத் துறையிலிருந்து வந்த ஒரு இளைஞன் திரையில் படம் போட்டான். மூடவேண்டிய வார்டுகள் எல்லாம் சிவப்புப் புள்ளிகள். எங்கள் புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்தேன், மலையெல்லாம் அந்தப் படத்தில் தட்டையாக இருந்தது. எம்பிக்கள் பாதிப்பேர் ஃபோனில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

உல்கானைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் நின்றாள். மேசையின் நடுவில் பார்க்கக்கூடாது என்று கண்ணைத் தாழ்த்தினாள், பிறகு ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எம்பியின் மேல் பார்வையை நிறுத்திக்கொண்டாள்.

"மதிப்புக்குரிய தலைவர் அவர்களே," என்று அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள். அந்த அம்மா திகைத்துப்போய் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

ஜோல்தோஷ் சொல்லிக்கொடுத்தது எல்லாம் காற்றோடு போனது. அவள் வேறு ஒன்றைச் சொன்னாள். நான் பிறகு வருகிறேன் என்று சொன்ன குழந்தையின் கதை.

"சில வருஷம் முன்னாடி எங்க வார்டு கூரை ஒழுகிச்சு. ஜனவரியில மூடி வெச்சு வேலை பாத்தாங்க. என்னைப் பயிற்சிக்கு நகரத்துக்கு அனுப்பிட்டாங்க. குல்சைரான்னு ஒரு பொண்ணு, ரெண்டாவது பிரசவம், ஒரு சிக்கலும் இல்லாத உடம்பு. வார்டு பூட்டியிருக்குன்னு புருஷன் ஜீப்ல ஏத்திக்கிட்டு கணவாய்க்குப் போனான். நடுவழியில பனி. நான் இந்தப் பக்கம் நகரத்துல உக்காந்து பாடம் கேட்டுக்கிட்டிருக்கேன். அவ அங்க ஜீப்புக்குள்ள. ரத்தம் நிக்கல. ஒரு ஊசி போட்டிருந்தா நின்னிருக்கும். என் அலமாரியில இருந்துச்சு அந்த ஊசி. அவன் திரும்பி வரும்போது குழந்தையை ஆட்டுத்தோல் கோட்டுக்குள்ள வெச்சு எடுத்துட்டு வந்தான். பின் சீட்டுல பொண்டாட்டியைப் படுக்க வெச்சிருந்தான். ஒரு மாசம்தாங்க மூடியிருந்தோம். நீங்க எப்பவும் மூடணுங்கறீங்க."

ஃபோன்களில் ஓடிய விரல்கள் நின்றுவிட்டன. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். அந்தக் குல்சைராவின் பல்லை, அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நான்தான் பிடுங்கியிருக்கிறேன். திரையில் படம் காட்டிய இளைஞன் கையிலிருந்த ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டான்.

"பனியில வழி அடைபடற ஊருங்களுக்கு மட்டும் விலக்கு குடுங்க. வேற ஒண்ணும் கேக்கல," என்று முடித்தாள்.

ஜெயித்துவிட்டோம் என்று ஜோல்தோஷ் என் தொடையைக் கிள்ளினார். அப்போது சபார்பெக் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"டாக்டர் சொல்றது நியாயம். எனக்கு ஒரே ஒரு கேள்வி. கோக்சாய்ல பிரசவ டாக்டர் எத்தனை பேரு?"

"ஒருத்தி."

"அந்த ஒருத்தி இந்த இலையுதிர்காலத்துல பிஷ்கெக்குக்குக் குடிவர்றாங்கன்னு எனக்குத் தகவல். அப்புறம் அந்த வார்டுல யாரு இருப்பாங்க?"

"வேற டாக்டர் வருவாங்க," என்றாள்.

"பேரு?"

எங்கள் ஊருக்கு வருகிறேன் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அது எங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்த நிமிஷம் அந்த மனிதரை என் நாற்காலியில் உட்காரவைத்து, மரத்துப்போகிற ஊசி போடாமல் இரண்டு பக்கக் கடைவாய்ப் பல்லையும் எடுத்திருப்பேன். வீடு பார்த்துக் கொடுத்ததும் இவர், சபையில் போட்டுக் கொடுத்ததும் இவர்! ஆனால் கோபம் தணிந்து யோசித்தால், கேள்வியில் தப்பு இல்லை. டாக்டர் இல்லாத வார்டு ஒரு பூட்டின அறை, அவ்வளவுதான். குல்சைரா வந்து தட்டியதும் அந்த மாதிரி ஒரு அறையைத்தான்.

உல்கான் மெல்லத் தலையைத் தூக்கினாள். ஓரத்துப் பெண் எம்பியை விட்டுவிட்டு, மேசையின் நடுவை நேராகப் பார்த்தாள்.

"சபார்பெக் தோலோயேவ் அவர்களே."

அந்த அறையில் மற்றவர்களுக்கு அது ஒரு எம்பியின் பெயர். ஜோல்தோஷ் வாயைப் பொத்திக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து வராத பெயர், ஒலிபெருக்கியில், நேரலையில், நாடே கேட்க வந்தது. சபார்பெக்கின் கழுத்திலிருந்து நெற்றி வரை ரத்தம் ஏறியது.

"நான் குடிவரல," என்றாள் உல்கான். "கோக்சாய்லயே இருக்கேன். என் பேரையே எழுதிக்குங்க."

பிறகு ஓரத்துப் பெண் எம்பி எங்களைப் பார்த்து, "கூட வந்தவங்களும் பிஷ்கெக் வர்றீங்களா?" என்றாள். நான் கையைத் தூக்கி, "என்னை எந்த ஊரும் கூப்பிடலீங்க," என்றேன். சிரிப்பு எழுந்தது, அந்த அறைக்கு அது தேவைப்பட்டது.

திருத்தத்தைச் சபார்பெக்கே வாசகமாகச் சொல்லி எழுதவைத்தார். பனிக்காலத்தில் வழி அடைபடும் ஊர்களில், அங்கேயே குடியிருக்கும் பிரசவ மருத்துவர் உள்ளவரை வார்டை மூடக்கூடாது. யார் ஆதரவு என்று கேட்டபோது முதலில் எழுந்த கை அவருடையதுதான். அந்த நீளக் கை எல்லோரையும்விட உயரத்தில் நின்றது. கூட்டம் கலையும்போது எங்கள் பக்கம் வந்தார். உல்கான் சட்டென்று ஒதுங்கி, மருமகள் முறைக்குக் குனிந்து வணங்கினாள். அவர் என்னிடம்தான் பேசினார்.

"அந்தக் கேள்வியை இவகிட்ட நான் கேட்டிருக்கலேன்னா, மத்தவங்க கேட்டிருப்பாங்க. கேட்டு, வேண்டாம்னு ஓட்டுப் போட்டிருப்பாங்க. புரியுதா?" என்றார். "அந்த பிஷ்கெக் வீட்டு ஓனர்கிட்ட வேண்டாம்னு நானே சொல்லிடறேன்." போய்விட்டார்.

கோட்டுகளை மீட்டுக்கொண்டு வெளியே வந்தபோது ஜோல்தோஷ் ஏறக்குறைய ஆடினார். ஒவ்வொரு ஊராக ஃபோன் போட்டு, "ஜெயிச்சாச்சு! ஜெயிச்சாச்சு!" என்று கத்தினார். உல்கான் ஃபோனில் தாலாயிடம் பேசினாள். "சரி, குதிரையை விக்க வேண்டாம்ல?" என்று அவன் கேட்டது எனக்கே கேட்டது. அந்தக் குரலில் அப்படி ஒரு நிம்மதி. நகரம் என்றால் அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே கசப்பு.

எதிர்ப் பூங்காவில் ஒரு பெஞ்சில் ஜிபெக் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். மடியில் ஒரு பை, பைக்குள் மஞ்சள் பூப்போட்ட துணி. உல்கானின் நடை தளர்ந்தது. பிரசவத்தில் தலை திரும்பிக் கிடக்கும் குழந்தையைப் பார்த்துக்கூட அப்படி அவள் தயங்கி நான் கண்டதில்லை.

"என்னடி துணி?" என்றாள்.

"சமையல்கட்டு ஜன்னலுக்கு. புது வீட்டுக்கு."

உல்கான் பக்கத்தில் உட்கார்ந்தாள். துணியின் ஓரத்தை விரலால் தேய்த்தாள். "நல்லாருக்கு. ஜிபெக், கேளு. நான்..."

"தெரியும். ஃபோன்ல நேரலையில பாத்தேன். பெரியப்பா பேரைச் சொன்னியே, எனக்கு மானமே போச்சு," என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"பாத்துட்டும் ஏன்டி துணி வாங்கின?"

"முன்னாடியே வாங்கிட்டேம்மா. வெட்டின துணியைத் திருப்பி எடுத்துக்க மாட்டாங்களாம்."

ஜோல்தோஷ் ஃபோனை அணைத்தார். நானும் அவரும் சற்றுத் தள்ளிப்போய், ஒரு மரத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டு நின்றோம். பேச்சு மட்டும் காதில் விழுந்தது.

"கோவமா?"

"ஆமா."

"ரொம்பவா?"

"ரொம்ப. அந்தப் பாப்பா கதையைக் கேட்டப்ப அழுதேன். அதுக்காகக் கோவம் இல்லைன்னு ஆயிடாது."

"ஆகாது," என்றாள் உல்கான்.

கொஞ்ச நேரம் கழித்து நான் திரும்பிப் பார்த்தேன். ஜிபெக் அம்மாவுக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கோபத்தில் திரும்பிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. தலையைப் பின்னுவதற்காக. அன்றைக்குக் காலையில்தான் பின்னியிருப்பாள், ஒரு மயிர்கூடக் கலையாத சடை. உல்கான் அதை முழுக்க அவிழ்த்து, விரலால் கோதி, முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தாள். பாதிவரை பின்னுவாள், சரியில்லை என்று அவிழ்ப்பாள், மறுபடி தொடங்குவாள். ஜிபெக் ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே கணவாயைத் தாண்ட வேண்டும் என்று ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஜோல்தோஷ் போய், அவரைச் சும்மா இருக்கச் சொன்னார்.